கடலும் கிரிக்கெட்டும்: லெப்டினன்ட் அபர்குரோம்பியின் வாழ்க்கை



இந்தியாவில் முதன்முதலில் கிரிக்கெட் ஆடியவர்கள் யார் என்று நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ராஜாக்கள் என்பார்கள், கொஞ்சம் படித்த பிள்ளைகள் பம்பாய்ப் பார்சிகள் என்பார்கள். எழுத்தில் கிடைக்கும் முதல் செய்தி வேறு. 1721-ஆம் ஆண்டில் குஜராத்தின் காம்பே பக்கம் கரையிறங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி மாலுமிகள் பொழுதுபோக்காகக் கிரிக்கெட் ஆடினார்கள் என்று, அவர்களுள் ஒருவரான கிளெமென்ட் டவுனிங் எழுதி வைத்திருக்கிறார். ஆக, இந்த ஆட்டம் நம் நாட்டுக்குக் கப்பலேறி வந்தது; கொண்டு வந்தவர்கள் கடலோடிகள்.

கடலுக்கும் கிரிக்கெட்டுக்கும் உள்ள இந்த உறவை ஒரு தனி மனிதரின் வாழ்க்கையில் முழுமையாகக் காணலாம். அவர் பெயர் செசில் ஹாலிடே அபர்குரோம்பி. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. பிறந்தது நம் இந்தியாவில். கவுன்டி கிரிக்கெட் ஆடியது ஒரே ஒரு பருவம். முப்பது வயதில் வட கடலில் மறைந்தார். அவர் அன்னிய அரசின் அதிகாரி. அவரை நாம் கொண்டாட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் "வேலையா, விளையாட்டா?" என்ற கேள்வி இன்றும் நம் வீடுகளில் தினமும் எழுகிறது. அதற்கு அவர் வாழ்க்கை ஒரு பதில் வைத்திருக்கிறது. அதனால்தான் இந்தப் பாடம்.

1. பிறப்பும் பயிற்சியும்

அபர்குரோம்பி 1886 ஏப்ரல் 12 அன்று முசாபர்பூரில் பிறந்தார். இன்றைய பீகாரில் லிச்சிப் பழத்துக்குப் பெயர் பெற்ற ஊர் அது. அக்காலத்தில் இந்தியாவில் பணிபுரிந்த வெள்ளையர்கள் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிக்க வைப்பது வழக்கம். இவரும் அப்படியே கில்ட்ஃபோர்டிலும் பெர்க்ஹாம்ஸ்டெட்டிலும் படித்தார். பிறகு கடற்படைப் பயிற்சிக்காக பிரிட்டானியா என்னும் கப்பலில் சேர்ந்தார்.

இந்தப் பயிற்சிக் கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை. தென்மேற்கு இங்கிலாந்தில் டார்ட்மத் என்னும் இடத்தில், டார்ட் நதியில் நங்கூரமிட்டு நிறுத்தப்பட்டிருந்த பழைய மரக்கப்பல் அது. பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள் அதிலேயே தங்கி, கணக்கு, வானியல், கப்பலோட்டம், கயிற்று வேலை எல்லாம் கற்றார்கள். கரையில் கட்டப்பட்ட கல்லூரி 1905-இல்தான் திறக்கப்பட்டது. படிப்புக்கு இணையாக விளையாட்டும் கட்டாயம். அபர்குரோம்பி அங்கே கிரிக்கெட் அணியிலும் ரக்பி அணியிலும் இடம் பெற்றார்.

1902-இல், பதினாறு வயதில், ஹயசிந்த் என்னும் போர்க்கப்பலில் மிட்ஷிப்மேன், அதாவது இளநிலைப் பயிற்சி அதிகாரி ஆனார். நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குத் தயாராகும் வயது. 1904 ஏப்ரலில் அந்தக் கப்பல் சோமாலியக் கரையில் இல்லிக் என்னும் இடத்தைப் பிடிக்கும் நடவடிக்கையில் ஈடுபட்டது. முகமது அப்துல்லா ஹசன் தலைமையில் பிரிட்டிஷாரை எதிர்த்துப் போராடியவர்களின் கோட்டை அது. பதினெட்டு வயதில் அபர்குரோம்பி அந்தச் சண்டையைப் பார்த்துவிட்டார். யாருக்காக, யாரை எதிர்த்து என்பதை வரலாறு படிக்கும் நாம் மறக்கக் கூடாது.

2. ஒரே ஒரு கோடை

கடற்படை அதிகாரிக்கு விளையாட நேரம் எங்கே? கப்பல் துறைமுகத்தில் இருக்கும்போதும், கரைப் பணி கிடைக்கும்போதும்தான். அந்த இடைவெளிகளில் அவர் முதலில் ரக்பியில் பெயர் பெற்றார். 1910-க்கும் 1913-க்கும் இடையே ஸ்காட்லாந்து நாட்டு அணிக்காக ஆறு சர்வதேசப் போட்டிகள் ஆடினார்.

கிரிக்கெட்டில் அவர் பெயர் வெளியே தெரிந்தது 1912-இல். லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் தரைப்படைக்கு எதிராகக் கடற்படை ஆடிய ஆட்டத்தில் ஒரு இன்னிங்ஸில் 37, மறு இன்னிங்ஸில் 100 எடுத்தார்.

மறு ஆண்டு, 1913. இருபத்தேழு வயதில் ஹாம்ப்ஷயர் கவுன்டிக்காகக் களமிறங்கினார். பந்தை ஓங்கி அடிக்கும் ஆட்டக்காரர், நல்ல ஃபீல்டர், மிதவேகப் பந்துவீச்சும் தெரியும். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே 126-ம் 39-ம் எடுத்தார். பிறகு வொர்செஸ்டர்ஷயருக்கு எதிராக 144. அதன் பின் லெய்ட்டன் மைதானத்தில் எசெக்ஸுக்கு எதிராக 165. அந்தப் பருவம் முடிந்தபோது அவர் கணக்கில் 900 ரன்களுக்கு மேல். சராசரி ஏறத்தாழ 36. அக்காலத்து ஆடுகளங்களை மூடி வைக்கும் வழக்கம் இல்லை. மழை பெய்தால் பந்து எப்படித் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. தலைக்கவசமும் கிடையாது. அந்நிலையில் புதிதாக வந்த ஒருவருக்கு 36 என்பது மிக நல்ல சராசரி.

லெய்ட்டன் ஆட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஹாம்ப்ஷயர் பின்தங்கியிருந்த நிலை. ஆறு விக்கெட் போய்விட்டது. அப்போது அபர்குரோம்பியும் ஜார்ஜ் பிரவுனும் ஏழாவது விக்கெட்டுக்கு ஜோடி சேர்ந்து 325 ரன்கள் எடுத்தார்கள். நூறாண்டுகளுக்குப் பிறகும் ஹாம்ப்ஷயரின் சாதனைப் பட்டியலில் ஏழாவது விக்கெட்டுக்கு எதிரே நிற்பது இந்த எண்தான்.

இதில் நமக்கு ஒரு சுவையான செய்தி உண்டு. அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன், 1902-இல், அதே லெய்ட்டன் மைதானத்தில், அதே எசெக்ஸுக்கு எதிராக, அதே ஏழாவது விக்கெட்டுக்கு சசெக்ஸ் ஜோடி ஒன்று 344 ரன்கள் எடுத்திருந்தது. அந்த ஜோடியில் ஒருவர் நியூஹாம். மற்றவர் நம் ரஞ்சித்சிங்ஜி. எந்த ரஞ்சியின் பெயரில் இன்று நம் மாநில அணிகள் கோப்பைக்கு மோதுகின்றனவோ அதே ரஞ்சி. அந்த ரஞ்சிக் கோப்பைப் போட்டியில்தான் 1994-95-இல் பஞ்சாபின் பூபிந்தர் சிங்கும் பங்கஜ் தர்மானியும் டெல்லிக்கு எதிராக ஏழாவது விக்கெட்டுக்கு 460 எடுத்து உலக சாதனை செய்தார்கள்.

அபர்குரோம்பியோடு நின்ற பிரவுனைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைய இங்கிலாந்தில் ஆட்டக்காரர்கள் இரண்டு சாதி. சம்பளம் வாங்காமல் ஆடும் கனவான்கள் அமெச்சூர்கள். கூலிக்கு ஆடுபவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள். பல மைதானங்களில் இரு சாராருக்கும் தனித்தனி அறை, தனித்தனி வாசல். 1962-இன் இறுதியில்தான் இந்தப் பிரிவினை ஒழிந்தது. அபர்குரோம்பி கனவான், பிரவுன் தொழில்முறை ஆட்டக்காரர். அணியில் சேர்வதற்காகப் பிரவுன் ஆக்ஸ்போர்டு பக்கத்திலிருந்து சவுத்ஹாம்ப்டனுக்குச் சுமார் 60 மைல் நடந்தே வந்தார் என்று சொல்வார்கள். பிற்காலத்தில் இங்கிலாந்துக்காக ஏழு டெஸ்ட் ஆடினார். வாசலில் பிரிந்த இருவரும் ஆடுகளத்தின் நடுவில் சேர்ந்துதான் நிற்க வேண்டியிருந்தது. ஒருவர் கூப்பிட்டால் மற்றவர் ஓட வேண்டும். நம்பிக்கை இல்லாவிட்டால் ரன் அவுட்.

அவ்வளவுதான். ஹாம்ப்ஷயருக்காக அபர்குரோம்பி ஆடியது 1913 பருவம் ஒன்றே. அடுத்த கோடையில் அவர் மத்தியதரைக் கடலில், கப்பல் பணியில் இருந்தார். 1914 ஆகஸ்டில் போர் மூண்டது.

3. போர் நம் கரைக்கும் வந்தது

அந்தக் கடற்போர் எங்கோ நடந்தது என்று நாம் நினைக்க வேண்டாம். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு வீசியது. தமிழில் சாமர்த்தியமான, பயப்பட வேண்டிய ஆளை "அவன் ஒரு எம்டன்" என்கிறோமே, அது இந்தக் கப்பலின் பெயர்தான். திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு இன்னொரு சான்றும் காதில் விழுகிறது: நம் மலையாள நண்பர்கள் மிகப் பெரிய பொருளை "யமண்டன்" என்பார்களே, அதுவும் எம்டன்தான். ஒரே கப்பல் இரண்டு மொழிகளிலும் சொல்லாக நின்றுவிட்டது. இந்த ஊரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்று ஒரு கதையும் வழங்குகிறது. அது கதையாகவே இருக்கட்டும். எம்டன் 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியால் முடிக்கப்பட்டது.

4. ஜட்லாந்து, 1916 மே 31

அபர்குரோம்பி கடைசியாகப் பணியாற்றிய கப்பலின் பெயர் டிஃபென்ஸ். 1907-இல் நீரில் இறக்கப்பட்ட கவச குரூஸர். சுமார் 14,600 டன். 9.2 அங்குலப் பீரங்கிகள் நான்கு, 7.5 அங்குலப் பீரங்கிகள் பத்து. ஆனால் 1906-இலேயே டிரெட்நாட் என்னும் புதுவகைப் போர்க்கப்பல் வந்துவிட்டதால், பிறக்கும்போதே பழையதாகிவிட்ட கப்பல் இது.

டென்மார்க்கின் ஜட்லாந்து தீபகற்பத்துக்கு அப்பால், வட கடலில், இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 250 கப்பல்கள் மோதின. டிஃபென்ஸில் இருந்த ரியர் அட்மிரல் சர் ராபர்ட் ஆர்பத்நாட், சேதமடைந்து நின்ற வீஸ்பாடன் என்ற ஜெர்மன் குரூஸரை முடித்துவிடத் துடித்து முன்னேறினார். புகையும் மூடுபனியும் விலகியபோது எதிரே ஜெர்மனியின் பெரிய போர்க்கப்பல்கள் நின்றன. மாலை 6.20 மணியளவில் குண்டுகள் டிஃபென்ஸைத் தாக்கின. பின்பக்க வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. அதில் இருந்த சுமார் 900 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அபர்குரோம்பிக்கு அப்போது வயது முப்பதும் ஏழு வாரமும்.

பொறியியல் படித்தவன் என்ற முறையில், ஒரு குண்டு எப்படி ஒரு முழுக் கப்பலையும் அழிக்கிறது என்பதை விளக்க விரும்புகிறேன். பீரங்கி மேல்தளத்தில் இருக்கும். வெடிமருந்து கப்பலின் அடிவயிற்றில், கிடங்கில் இருக்கும். கார்டைட் என்னும் வெடிமருந்து பட்டுப் பைகளில் கட்டப்பட்டு, தூக்கி வழியாக மேலே ஏறும். கிடங்கிலிருந்து பீரங்கி வரை ஒரு வழி திறந்திருந்தால் மேலே பற்றும் தீ அதே வழியாகக் கீழே இறங்கும். டிஃபென்ஸில் கிடங்குகளை இணைக்கும் நீண்ட தாழ்வாரங்கள் இருந்தன. பின்பக்கக் கிடங்கில் எழுந்த தீ அவற்றின் வழியே மற்றக் கிடங்குகளுக்குப் பரவியது.

ரயில்வேயில் இதற்கு நேர் எதிரான ஏற்பாடு ஒன்று உண்டு. இன்டர்லாக்கிங் என்போம். பாயிண்ட் சரியாக அமையாமல் சிக்னல் விழாது. ஒரு பாதைக்குச் சிக்னல் கொடுத்தால் அதோடு மோதும் பாதைக்குக் கொடுக்க முடியாது. மனிதன் அவசரப்பட்டாலும் இரும்பு இடம் கொடுக்காது. வெடிமருந்துக் கதவுகளுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு தேவை. ஒரு கதவு திறந்தால் அடுத்தது மூடியிருக்க வேண்டும். 1915 ஜனவரியில் டாகர் பேங்க் சண்டையில் சைட்லிட்ஸ் என்ற ஜெர்மன் கப்பலின் இரண்டு பீரங்கிக் கூண்டுகள் எரிந்து 150-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த அனுபவத்தில் ஜெர்மானியர்கள் முறைகளைத் திருத்திக்கொண்டார்கள். பிரிட்டிஷாரின் சில பெரிய கப்பல்களிலோ வேகமாகச் சுட வேண்டும் என்று கதவுகளைத் திறந்தே வைத்திருந்தார்கள். ஜட்லாந்தில் இன்டிஃபாடிகபிள், குவீன் மேரி, இன்வின்சிபிள் மூன்றும் இதே போல் வெடித்துச் சிதறின. அன்று பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 6,094 பேர். ஜெர்மன் தரப்பில் 2,551 பேர். அதன் பிறகுதான் பிரிட்டிஷாரும் தீ தடுக்கும் ஏற்பாடுகளை முறைப்படுத்தினார்கள். பாதுகாப்பு விதிப் புத்தகத்தில் அநேகமாக ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய உயிர் இருக்கிறது என்று எங்கள் துறையில் சொல்வது சும்மா இல்லை.

கிரிக்கெட்டின் ஆண்டு நூலான விஸ்டன், போர் ஆண்டுகளில் இறந்த ஆட்டக்காரர்களின் நீண்ட பட்டியல்களை வெளியிட்டது. அபர்குரோம்பியின் பெயரும் அதில் இருக்கிறது: பிறந்த ஊர், பள்ளி, கப்பல், எடுத்த ரன்கள். ஒரு வாழ்க்கைக்குச் சில வரிகள்.

5. நம் பக்கத்து உதாரணங்கள்

சீருடையும் கிரிக்கெட்டும் சேர்ந்த வாழ்க்கை நம் நாட்டிலும் உண்டு. ராணுவ அதிகாரியான ஹேமு அதிகாரி இந்தியாவுக்காக 21 டெஸ்ட் ஆடினார்; 1959-இல் டெல்லியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அணித் தலைவராகவும் இருந்தார். முப்படைகளின் சர்வீசஸ் அணி 1956-57, 1957-58 ஆகிய இரு பருவங்களிலும் ரஞ்சி இறுதி ஆட்டம் வரை வந்தது. கோழிக்கோட்டில் பிறந்த நாராயண் சுவாமி சர்வீசஸ் அணியிலிருந்து 1955-இல் ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராக இந்திய அணியில் இடம் பெற்றார். அவர் ஆடியது அந்த ஒரே டெஸ்ட்.

நம் திருவனந்தபுரத்தில் விளையாட்டு என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் லெப்டினன்ட் கர்னல் ஜி.வி. ராஜா. கோதவர்ம ராஜா என்பது முழுப் பெயர். திருவிதாங்கூர் ராணுவத்தில் அதிகாரி. அவர் பிறந்த பூஞ்ஞாறு அரச குடும்பம் மதுரைப் பாண்டியர் வழி வந்தது என்பது அவர்கள் மரபு. அங்கே மீனாட்சி கோயிலும் உண்டு. கேரள விளையாட்டுக் கவுன்சிலை உருவாக்கி வளர்த்தவர். இங்கு கிரிக்கெட் சங்கம் அமைத்தவர். 1971 ஏப்ரல் 30 அன்று குலு பள்ளத்தாக்கில் நடந்த விமான விபத்தில் மறைந்தார். அவர் பிறந்த நாளான அக்டோபர் 13 கேரளத்தின் விளையாட்டு தினம். 2024-25 பருவத்தில் கேரள அணி முதன்முறையாக ரஞ்சி இறுதி ஆட்டத்தில் நின்றபோது, விதை போட்டவர்களில் அவரை நினைத்தவர்கள் இந்த ஊரில் பலர்.

6. பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள் நாம். பிள்ளை படித்து வேலைக்குப் போக வேண்டும் என்ற கவலை நமக்குச் சற்று அதிகம். பத்தாம் வகுப்பு வந்ததும் மட்டை பரணுக்குப் போய்விடுகிறது. "இதில் என்ன எதிர்காலம்?" என்று கேட்கிறோம்.

என் பணிக்காலத்தில் எனக்குக் கீழே ஒரு கலாசி இருந்தான். கால்பந்தில் கோட்டத்து அணிக்கு ஆடுவான். போட்டி வந்தால் விடுப்பு வேண்டும், மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். அவனோ போகும் முன் இரண்டு நாள் கூடுதலாக நின்று தன் வேலையை முடித்துவிட்டுத்தான் போவான். நாலைந்து ஆண்டுகளில் முழங்காலில் அடிபட்டு ஆட்டம் நின்றது. "அத்தனை உழைப்பும் வீணாகிவிட்டதே தம்பி" என்று ஒருவர் சொன்னார். "ஆடின ஆட்டம் எங்க சார் போகும்?" என்றான் அவன். கடைசி வரை நேரம் தவறாத ஆள் அவன்தான்.

விளையாட்டை அது எத்தனை ஆண்டு நீடித்தது, எவ்வளவு பணம் தந்தது என்று மட்டும் அளந்தால் அபர்குரோம்பி தோற்றவர். ஒரே கோடை. டெஸ்ட் ஆடவில்லை. ஆனால் பதினைந்து வயதில் தொடங்கிய பயிற்சியைக் கப்பல் வாழ்க்கையின் நடுவிலும் அவர் விடவில்லை; அதனால் வாய்ப்பு வந்த அன்று தயாராக இருந்தார். வேலையையும் விட்டு ஓடவில்லை. அவர் கையில் இருந்தது இவ்வளவுதான். கப்பல் எந்தத் திசையில் போக வேண்டும் என்பது அவர் கையில் இல்லை.

நம் பிள்ளைகள் எல்லாரும் இந்தியாவுக்கு ஆடப் போவதில்லை. ஆனாலும் மாலையில் ஒரு மணி நேரம் அவர்களுடையதாக இருக்கட்டும். தேர்வு ஆண்டிலும் இருக்கட்டும். எந்தக் கோடை யாருக்கு வாய்க்கும் என்று நமக்குத் தெரியாது.

பிள்ளைகளுக்கான வினாக்கள்

1. இந்தியாவில் கிரிக்கெட் ஆடப்பட்டதாக எழுத்தில் கிடைக்கும் முதல் செய்தி எந்த ஆண்டைச் சேர்ந்தது? ஆடியவர்கள் யார்?

2. லெய்ட்டன் மைதானத்தில் 1902-இலும் 1913-இலும் எடுக்கப்பட்ட இரு ஏழாவது விக்கெட் ஜோடி ரன்களுக்கும் வேறுபாடு எவ்வளவு? 1994-95 சாதனை இவற்றுள் பெரியதைவிட எத்தனை ரன் அதிகம்?

3. ஓர் ஆட்டக்காரர் 26 முறை ஆட்டமிழந்து 936 ரன் எடுத்தால் அவர் சராசரி என்ன? ஆட்டமிழக்காத இன்னிங்ஸை வகுக்கும்போது ஏன் சேர்ப்பதில்லை?

4. ரயில்வே இன்டர்லாக்கிங் போல, உங்கள் வீட்டில் உள்ள எந்தப் பொருள் தவறாக இயக்க முடியாதபடி அமைக்கப்பட்டிருக்கிறது? (குறிப்பு: சமையலறையில் பிரஷர் குக்கரின் மூடியைப் பாருங்கள்.)

5. எம்டன் போல, கப்பலிலிருந்தோ கடலிலிருந்தோ தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவாக வந்த வேறு சொற்களை வீட்டுப் பெரியவர்களிடமும் பக்கத்து வீட்டு மலையாள நண்பர்களிடமும் கேட்டு எழுதுங்கள்.